செட்டிநாட்டில் அரசுத் துறைகளோடு தன்னார்வப் பணி: எங்கே போகலாம், எங்கே போய் அலைய வேண்டாம்

முதல் குழப்பம் எந்த மாவட்டம் என்பதில்தான். செட்டிநாடு என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். அரசுக் கணக்கில் அது இரண்டு துண்டு. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடி எல்லாம் சிவகங்கை. கோனாப்பட்டு, ராயவரம், ராமச்சந்திரபுரம் புதுக்கோட்டை. ஆட்சியர், முதன்மைக் கல்வி அலுவலர், மாவட்ட வன அலுவலர் என்று எல்லாரும் வேறு வேறு ஆட்கள். பக்கத்து ஊர்ப் பள்ளிதானே என்று தப்பான மாவட்டத்தில் மனுக் கொடுத்தால் அது அங்கேயே கிடக்கும், யாரும் தள்ளிவிட மாட்டார்கள். நீங்கள் வேலை செய்யப் போகிற பள்ளியோ கண்மாயோ எந்த ஒன்றியத்தில் இருக்கிறது, சாக்கோட்டையா, கல்லலா, தேவகோட்டையா, திருமயமா, அரிமளமா என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். காரைக்குடி 2024-இல் மாநகராட்சி ஆனபோது சுற்றியிருந்த பேரூராட்சி, ஊராட்சிகள் சில அதற்குள் வந்துவிட்டன. அந்த ஊர்களில் பழைய ஊராட்சிச் செயலரைத் தேடிப் போய்ப் பயனில்லை.

இந்த மதிப்பீட்டில் எல்லாத் துறைக்கும் ஒரே உரைகல்தான் வைத்திருக்கிறோம்: நீங்கள் வேலை செய்துவிட்டு வந்த பிறகு அந்தத் துறையிடம் என்ன மிஞ்சுகிறது? ஒரு எண்ணா, ஒரு ஆளா, ஒரு சுத்தமான சுவரா, அல்லது வாட்ஸ்அப்பில் நாலு படமா?

படம் மட்டும் மிஞ்சுகிற வகையை முதலிலேயே சொல்லி முடித்துவிடலாம். ஒரு நாள் தூய்மை முகாம்கள். 2021 டிசம்பரில் பிளாஸ்டிக் பைக்கு எதிரான 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் வந்ததிலிருந்து இவை கூடியிருக்கின்றன. நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஐம்பது பேர் சேர்ந்து ஊருணிக் கரையில் பிளாஸ்டிக் பொறுக்கினால் அரை மணி நேரத்தில் முப்பது சாக்கு நிறைந்துவிடும். அந்தச் சாக்குகளை ஏற்ற வண்டி எப்போது வரும் என்று முன்கூட்டியே கேட்காவிட்டால் அவை படித்துறை ஓரத்திலேயே நிற்கும், ஆடு மாடு இழுத்துப் பிரிக்கும், ஒரு வாரத்தில் குப்பை பழைய இடத்துக்கே வந்து சேரும். அழைப்பு வந்தால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: வண்டி எத்தனை மணிக்கு? பதில் தெளிவாக வந்தால் போங்கள்.

ஊருணி, கண்மாய் வேலையை இதோடு சேர்க்கக்கூடாது. அது பெரிய வேலை, விதி தெரியாமல் இறங்கினால் வம்பும் வரும். கண்மாய் யாருடையது என்பதை ஆயக்கட்டு, அதாவது அதில் பாயும் நிலத்தின் பரப்பு, சொல்லும். 40 ஹெக்டேருக்கு, அதாவது சுமார் 100 ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ளது நீர்வளத் துறையுடையது. அதற்குக் கீழே இருப்பது ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. குடிதண்ணீர் ஊருணி பெரும்பாலும் ஊராட்சியின் கையில். சில ஊர்களில் அதை வெட்டிய நகரத்தார் குடும்பமோ கோயிலோ உரிமை சொல்லும், அவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. வண்டல் மண் எடுக்க வேண்டுமானால் வட்டாட்சியர் அனுமதி வேண்டும். விவசாயிக்கும் மண்பாண்டம் செய்பவருக்கும் கட்டணமில்லாமல் எடுக்க வழி இருக்கிறது, அதனால் தூர் வாரும் மண்ணை எங்கே கொட்டுவது என்ற தலைவலி பாதி குறைந்துவிடும்.

சீமைக் கருவேலம் வெட்டப் போகிறவர்கள் தவறுவது இரண்டு இடத்தில். ஒன்று, வேரை விட்டுவிட்டுத் தரைமட்டத்தில் அறுத்துவிட்டு வந்துவிடுவது. அடுத்த மழைக்கு ஒரு தூரில் பத்துக் கிளை வெடிக்கும். தண்ணீர் வற்றி மண் ஈரமாக இருக்கும்போதே வேரோடு பெயர்க்க வேண்டும். காய்ந்து இறுகிய பிறகு ஜேசிபி கூட முனகும். ஆடு மாடு தின்று போட்ட விதை மண்ணில் பல வருஷம் காத்திருக்கும், ஆகவே அடுத்த இரண்டு மழைக்காலமாவது வந்து கன்றுகளைப் பிடுங்கத் தயாராக இல்லையென்றால் தொடங்கவே வேண்டாம். இரண்டாவது, நாட்டுக் கருவேலத்தையும் சேர்த்துச் சாய்த்துவிடுவது. பூவைப் பாருங்கள்: நாட்டு மரத்துக்கு மஞ்சள் உருண்டை, சீமைக்கு வால் போல நீண்ட கதிர். காயைப் பாருங்கள்: நாட்டு மரத்தின் காய் மணி கோத்த மாதிரி இடையிடையே ஒடுங்கியிருக்கும். இந்தப் பக்கத்துக் கண்மாய்களில் நாரை கூடு கட்டுவது நாட்டுக் கருவேலத்தில், அது போனால் பறவை போயிற்று. வெட்டிய விறகுக்கும் விலை உண்டு, அது அரசு நிலத்து மரம். எழுத்து உத்தரவு இல்லாமல் ஏற்றிக்கொண்டு போனால் தன்னார்வலர் என்ற பெயர் மாறி வேறு பெயர் வரும்.

பணமும் உழைப்பும் சேர்ந்த ஏற்பாடு வேண்டுமென்றால் 'நமக்கு நாமே' திட்டம் இருக்கிறது. ஊரகப் பகுதியில் மக்கள் பங்கு மூன்றில் ஒன்று. ஆதிதிராவிடர், பழங்குடியினர் பகுதியில் ஐந்தில் ஒன்று. வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் செட்டிநாட்டுக்காரர்கள் ஊருக்கு ஏதாவது செய்ய நினைத்தால் இதுவே நேர்வழி. பள்ளிக்கென்றால் 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' தளத்தில் பள்ளியைத் தேர்ந்து, அதன் தேவைப் பட்டியலைப் பார்த்துக் கொடுக்கலாம். பள்ளிக்கு ஏற்கெனவே இருபது நாற்காலி இருக்கும்போது இருபத்தொன்றாவதை வாங்கிப் போய்ப் பெயர் எழுதி வைப்பது இதனால் கொஞ்சம் குறையும்.

கோயிலைச் சுத்தம் செய்யும் உழவாரப்பணிக்கு அறநிலையத் துறையின் இணையதளத்திலேயே பதிவு செய்ய வசதி இருக்கிறது. நாளும் கோயிலும் தேர்ந்தெடுக்கலாம், அடையாள அட்டை வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம். செட்டிநாட்டுப் பெரிய கோயில்கள் எல்லாம் ஒரே நிர்வாகம் கிடையாது. பிள்ளையார்பட்டியில் நகரத்தார் அறங்காவலர்கள், குன்றக்குடியில் ஆதீனம். அங்கெல்லாம் கோயில் அலுவலகத்தில் நேரே போய்க் கேட்டுவிட்டுத்தான் துடைப்பத்தைத் தூக்க வேண்டும்.

வேலையில் கெடுவது ஆர்வக் கோளாறால். எண்ணெய்ப் பிசுக்குக்கு ஆசிட் ஊற்றுவார்கள், கல்லின் மேல்தோல் போய்ச் சொரசொரப்பாகும், அடுத்த முறை எண்ணெய் இன்னும் ஆழமாக இறங்கும். கம்பி பிரஷ் கல்வெட்டின் எழுத்தை மழுக்கும். சுதைச் சிற்பத்தின் மேல் அழுத்தமான தண்ணீர்ப் பீச்சல் பட்டால் விரல், மூக்கு உதிரும். சீயக்காய்த் தூள், தேங்காய் நார், வெந்நீர், பொறுமை, இவை போதும். ஒரு தூணுக்கு இரண்டு பேர், ஒரு மணி நேரம் ஆகும். விமானத்தில் முளைத்த அரச மரக் கன்றைப் பிடித்து இழுக்கவே கூடாது. வேர் செங்கலுக்குள் ஓடியிருக்கும், இழுத்தால் காரையோடு வரும். மட்டமாக வெட்டிவிட்டு அலுவலகத்தில் எழுத்தாகச் சொல்லிவிட்டு வாருங்கள், மீதி ஸ்தபதி வேலை. சரியாகச் செய்தால் நல்ல பணி. நாற்பது பேர் கொண்ட பஸ் ஒன்று வந்து இறங்கினால் பெரும்பாலும் சரியாக நடப்பதில்லை. பன்னிரண்டு பேருக்கு மேல் போகாதீர்கள்.

இல்லம் தேடிக் கல்வியைப் பற்றிக் கேட்பவர்கள் இன்னும் நிறையப் பேர். கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்த இழப்பைச் சரிக்கட்ட 2021 அக்டோபரில் தொடங்கியது. அப்போது 1 முதல் 8 வரை படிக்கும் பிள்ளைகளுக்கு மாலை 5 முதல் 7-க்குள் வகுப்பு, மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை. தொடக்க வகுப்புக்குப் பிளஸ் டூ, ஆறு முதல் எட்டுக்குப் பட்டப்படிப்பு. ஆரம்பித்த அளவில் இப்போது இல்லை, ஆகவே உங்கள் வட்டார வள மையத்தில் இடம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு ஆசைப்படுங்கள். ஆசிரியர் வேலைக்குப் போக நினைக்கும் பெண்களுக்கு நல்ல பயிற்சிக் களம். இருபது பிள்ளைகள், அவர்களில் மூன்று வகுப்பு, ஒரே திண்ணை. இதைச் சமாளித்தவர் எந்த வகுப்பறையையும் சமாளிப்பார்.

ஊர்க்காவல் படையைத் தன்னார்வப் பணி என்று சொல்கிறார்கள். சட்டப்படி சரிதான், 1963-ஆம் ஆண்டுச் சட்டம். நடைமுறையில் அது காவல் துறையின் ஒழுங்குக்குள் போவது. 18 முதல் 50 வயது, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, குற்றப் பின்னணி இல்லாமை, கவாத்துப் பயிற்சி, பணி நாளுக்குப் படி. பிள்ளையார்பட்டி சதுர்த்தி, குன்றக்குடி பங்குனி உத்திரம் என்று ஊரே திருவிழாவில் இருக்கும் நாளில் நீங்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள். குடும்பத்தில் கேட்டுக்கொண்டு சேருங்கள்.

இனி, கடினமானது, ஆனால் கையில் ஆளே மிஞ்சுவது: வயதுவந்தோர் எழுத்தறிவு. 2022-இல் வந்த புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தைத் தமிழ்நாட்டில் பள்ளிசாரா மற்றும் வயதுவந்தோர் கல்வி இயக்ககம் நடத்துகிறது. 15 வயதுக்கு மேற்பட்ட எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு 200 மணி நேரம் கற்பிக்க வேண்டும். சம்பளமும் இல்லை, ஊக்கத்தொகையும் இல்லை. வகுப்பு பெரும்பாலும் அரசுப் பள்ளியில். தலைமை ஆசிரியரிடம் போனால் வழி சொல்வார். தினமும் இரண்டு மணி நேரம் என்று கணக்குப் போட்டால் நூறு நாள். நூறு நாளில் நடவு வரும், நூறு நாள் வேலை வரும், அம்மன் கோயில் திருவிழா வரும். ஆகவே ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வகுப்பு முதல் வாரத்திலேயே உடைவதற்குக் காரணம் பாடம் இல்லை, கண். நாற்பத்தைந்து தாண்டியவருக்குக் கிட்டப் பார்வை மங்கியிருக்கும். அந்த ஆத்தா "எனக்கு மண்டையில ஏறாது" என்று எழுந்து போய்விடுவார்; உண்மையில் எழுத்தே தெரியவில்லை. முதல் நாளே எல்லாரிடமும் ஒரு மளிகைப் பொட்டலத்தின் எழுத்தைக் காட்டி "எத்தனை கோடு இருக்கு?" என்று கேளுங்கள். தடுமாறுகிறவரைக் காரைக்குடி அரசு மருத்துவமனைக் கண் பிரிவுக்கு அனுப்பிவிட்டு மறுபடி தொடங்குங்கள். அடுத்தது பென்சில். டைல்ஸ் பட்டறையிலும் செங்கல் சூளையிலும் உழைத்த கை பென்சிலை அழுத்தி ஒடிக்கும், தாளைக் கிழிக்கும், ஆள் வெட்கப்படுவார். முதல் மாதம் சிலேட்டும் தடித்த பலப்பமும்.

அ, ஆ, இ என்று ஆரம்பிக்காதீர்கள். 'அ' எழுதக் கடினம், சொல்லும் கிடைக்காது. ட, ப, ம. மூன்றும் நேர்கோடும் சின்ன வளைவும்தான். புள்ளி ஒன்றைச் சேர்த்தால் படம், மடம், பட்டம், மட்டம் என்று அன்றைக்கே நாலு சொல் படித்துவிடுவார். முதல் நாளே சொல்லைப் படித்துவிட்ட ஆள் இரண்டாம் நாளும் வருவார். அப்புறம் அவரவர் பெயர், பிறகு பஸ் போர்டு: தேவகோட்டை, திருப்பத்தூர், சிவகங்கை. கணக்கைக் குழந்தைக்குச் சொல்வது போலச் சொல்லாதீர்கள். சந்தையில் பழம் விற்கும் அம்மாவுக்குக் கூட்டல் உங்களைவிட வேகமாக வரும். அவருக்குத் தேவை இலக்கத்தின் உருவம், செல்போன் எண், ரேஷன் பில், வங்கிச் சலான். பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். அக்கா, ஆத்தா, அப்பத்தா, ஐயா. ஆச்சி என்று கூப்பிட வேண்டியவரை ஆச்சி என்றே. கடைசியில் 150 மதிப்பெண்ணுக்குத் தேர்வு: வாசிப்பு, எழுத்து, எண், ஒவ்வொன்றுக்கும் 50. பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். இப்போது அந்த இடத்தில் செல்போன். சொந்தப் பேரனுக்குத் தானே பெயரைத் தேடிப் போன் போட முடிகிற நாளில் வகுப்புக்கு வேறு விளம்பரமே வேண்டாம்.

பொது நூலகங்களின் வாசகர் வட்டம் சின்ன வேலை, குறை சொல்ல இடமில்லை. மாதத்தில் ஒரு மாலை போதும். 1000 ரூபாய் கட்டிப் புரவலராகவும் சேரலாம்.

எல்லாவற்றிலும் மேலாக நாங்கள் வைப்பது வனத்துறையின் பறவைக் கணக்கெடுப்பை. ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் இரண்டு வார இறுதிகள்: முதலில் நீர்ப்பறவை, அப்புறம் நிலப்பறவை. மாநிலம் முழுக்க ஒரே நாளில் எண்ணுவார்கள். அறிவிப்பு செய்தித்தாளிலும் துறையின் சமூக வலைப்பக்கத்திலும் வரும், இணையப் படிவம் இருக்கும். இல்லாவிட்டால் வனச்சரக அலுவலகத்தில் டிசம்பரிலேயே பெயர் கொடுத்து வையுங்கள். ஆண்டுக்கு ஆண்டு தேதி மாறும். தைப்பூசத்தை ஒட்டி வந்தால் ஊரில் பாதிப் பேர் பழனிக்கு நடந்துகொண்டிருப்பார்கள், ஆள் கிடைக்காது. அந்த வருஷம் உங்களுக்குக் கட்டாயம் இடம் உண்டு.

நம் பக்கத்தில் இதற்குப் பேர்போன இடம் திருப்பத்தூரிலிருந்து மதுரை போகும் வழியில் உள்ள வேட்டங்குடி சரணாலயம். 1977-இல் அறிவிக்கப்பட்டது, வேட்டங்குடிப்பட்டி, பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி என்று மூன்று கண்மாய், மொத்தம் 38 ஹெக்டேர் சொச்சம். தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர் என்று ஆண்டுதோறும் செய்தியில் வருவது இந்தக் கொள்ளுக்குடிப்பட்டிதான். பறவை வந்து கூடு கட்டுவது மழையைப் பொறுத்தது, வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் கண்மாயும் காலி, மரமும் காலி.

காலை ஆறு மணிக்குக் கரையில் நிற்க வேண்டும். கிழக்குக் கரையில் நின்று மேற்கே பாருங்கள். மாறி நின்றால் வெயில் எதிரே அடித்து எல்லாப் பறவையும் கறுப்பாகத் தெரியும். 8x42 அல்லது 10x42 தொலைநோக்கி போதும், அதற்கு மேல் பெரிதாக்கினால் கை நடுக்கம் படத்தைக் குலைக்கும். மங்கிய நிறச் சட்டை. குழுவில் வனக்காப்பாளர் ஒருவர், பறவை தெரிந்தவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர் இருந்தால் போதும். எண்ணுகிறவர் எழுதக்கூடாது, தலையைக் குனிந்தால் எண்ணிக்கை விட்டுப்போகும். டீ, டிபன், வண்டி எல்லாம் இடத்துக்கு இடம் மாறும். கையில் இட்லிப் பொட்டலத்தோடு போவது உத்தமம்.

கூட்டமாக இருந்தால் ஒவ்வொன்றாக எண்ண முடியாது. பத்துப் பறவையை எண்ணி, அவை கண்ணுக்கு எவ்வளவு இடம் பிடிக்கின்றன என்று மனசில் ஒரு சட்டம் போட்டுக்கொண்டு, அந்தச் சட்டத்தை இடமிருந்து வலமாக நகர்த்த வேண்டும். கூட்டு மரங்களை மரம் மரமாக, கூட்டை வேறாகவும் பறவையை வேறாகவும் குறிக்க வேண்டும். தலைக்கு மேல் பறந்து போனதைத் தனிக் கட்டத்தில் நேரமும் திசையும் போட்டு எழுதுங்கள். பக்கத்துக் கண்மாய்க் குழுவும் அதையே எண்ணியிருக்கும், பிறகு கழித்துக்கொள்ள இதுதான் ஆதாரம்.

அடையாளத்தில் சறுக்கும் இடங்கள் தெரிந்தவை. நத்தை குத்தி நாரைக்கு அலகு நடுவில் இடைவெளி என்று எல்லாருக்கும் தெரியும். குஞ்சுக்கு அந்த இடைவெளி கிடையாது. அதைப் பார்த்து மஞ்சள் மூக்கு நாரைக் குஞ்சு என்று எழுதிவிடுவார்கள். வெள்ளைக் கொக்குகளில் சின்னக் கொக்குக்கு அலகு கறுப்பு, கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். பெரிய கொக்குக்கு வாய்க்கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும், நடுக் கொக்குக்குக் கண்ணுக்குக் கீழேயே நின்றுவிடும். தூரத்தில் எதுவும் தெரியவில்லையா, 'கொக்கு, இனம் தெரியவில்லை, 40' என்று எழுதுங்கள். தப்பான பெயரைவிட இது உபயோகம். கூட்டு மரத்தின் அடியில் போய் நிற்காதீர்கள். தாய் எழுந்த இரண்டு நிமிஷத்தில் காகம் முட்டையைத் தூக்கிவிடும்.

மழை குறைந்த வருஷத்தில் போனவர்களுக்கு ஒரு வருத்தம் வரும்: தண்ணீரும் இல்லை, பறவையும் இல்லை, வந்தது வீண் என்று படிவத்தை அப்படியே மடித்துக் கொடுத்துவிடுவார்கள். கண்மாய் வறண்டிருந்தால் 'வறண்டது' என்று எழுதி, எண்ணிக்கைக் கட்டத்தில் 0 போடுங்கள். வெறுமையாக விட்ட கட்டத்தைப் பார்க்கிறவருக்கு அன்றைக்கு யாரும் அங்கே போகவே இல்லை என்றுதான் படும். கொடுப்பதற்கு முன் தாளைக் கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஜனவரியில் அதே கரையில் நிற்கும்போது தேவைப்படும்.